மேகம் ஏறும் முன்: குவாத்தமாலா மேட்டுநிலத்தில் எட்டு நாள்

முதல் நாள்: விமான நிலையத்திலிருந்து ஆன்டிகுவா

குவாத்தமாலா மேட்டுநிலத்தில் எதைப் பார்ப்பதானாலும் காலையில் பார்த்துவிட வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான உலர்காலத்தில்கூட, விடியும்போது அடி முதல் உச்சி வரை துலங்கும் எரிமலைகளைப் பதினொரு மணிக்குமேல் மேகம் மூடத் தொடங்கிவிடும். பசிபிக் கடற்கரைச் சமவெளியில் சூடாகும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறி உயரத்தில் குளிர்வதுதான் காரணம். மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழையும் இடியும் கூடவே வரும். இங்கே எழுதும் எட்டு நாள் திட்டம் முழுக்க இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. எட்டாம் நாள் வியாழனாகவோ ஞாயிறாகவோ வரும்படி பயணத்தைத் தொடங்குங்கள். ஏன் என்பது கடைசியில் புரியும்.

தலைநகர் குவாத்தமாலா நகரத்தின் லா அவுரோரா விமான நிலையத்திலிருந்து பழைய தலைநகரான ஆன்டிகுவா சுமார் 40 கி.மீ. சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம். மாலை நான்கிலிருந்து ஏழுக்குள் மாட்டிக்கொண்டால் இரண்டரை மணி நேரம்கூட ஆகும். பகலில் வந்திறங்கும் விமானமாகப் பார்த்து எடுப்பது நல்லது.

பணம் கெட்சால். சில ஆண்டுகளாகவே ஒரு டாலருக்கு 7.7 கெட்சால் அளவில் நிற்கிறது. ஓரம் கிழிந்த, பேனாக் கோடு விழுந்த டாலர் நோட்டை வங்கியிலேயே வாங்க மாட்டார்கள். ஏடிஎம்மில் எடுத்தால் பெரும்பாலும் 100 கெட்சால் நோட்டுதான் வரும். படகுக்காரரும் ஆட்டோக்காரரும் அதற்குச் சில்லறை தர முடியாமல் திணறுவார்கள், எனவே முதல் நாளே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 5, 10, 20 ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்களில் ஓடும் ஆட்டோக்களைக் கண்டதும் நம்மவர்களுக்கு முகம் மலரும். பெரும்பாலும் நம் பஜாஜ் வண்டிகள்.

குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கும் ஓர் உடன்படிக்கையில் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் 90 நாள் நான்கு நாடுகளுக்கும் சேர்த்துத்தான். எல்லை தாண்டி எல் சால்வடார் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

இரண்டாம் நாள்: ஆன்டிகுவா

ஆறரை மணிக்குள் சிலுவைக் குன்றில் ஏறிவிடுங்கள். ஊரின் வடக்குக் கோடியிலிருந்து படிக்கட்டில் பதினைந்து நிமிட நடை. கட்டம் போட்டதுபோல் நேர்த் தெருக்கள், அவற்றின் மறுகோடியில் 3,760 மீ. உயர அகுவா எரிமலை. வலப்பக்கம் இரட்டையாகத் தெரிபவை அகாதெனாங்கோவும் ஃபுவேகோவும்.

இந்த ஊரின் வரலாற்றை இந்த மலைகளே எழுதின. ஸ்பானியர்களின் முந்தைய தலைநகர் அகுவாவின் அடிவாரத்தில் இருந்தது. 1541 செப்டம்பரில் பெருமழைக்குப்பின் மலையிலிருந்து சரிந்து வந்த சேறும் பாறையும் அதை அழித்தன. 1543-இல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் புதிதாக எழுந்தது இன்றைய ஆன்டிகுவா. 1717-இல் நிலநடுக்கம், பிறகு 1773 ஜூலை 29 அன்று இன்னும் பெரியது. 1776-இல் அரசு தலைநகரையே இன்றைய குவாத்தமாலா நகரம் இருக்கும் இடத்துக்கு மாற்றியது. மக்கள் எல்லாரும் போய்விடவில்லை. இடிபாடுகளை அப்படியே விட்டு, இடையில் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டு ஊர் ஒன்று பெரிதும் மாறாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1979-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மஞ்சள் நிற லா மெர்செத் தேவாலயத்தின் எதிரே ஐந்து நிமிடம் நின்று அதன் உருவத்தைக் கவனியுங்கள். மணிக்கூண்டுகள் குட்டையாக, பருமனாக இருக்கும். சுவர் தடிமன், சன்னல்கள் சிறியவை. 1717-இல் அடிபட்ட கொத்தனார்கள் கற்றுக்கொண்ட பாடம் அது. 1767-இல் கட்டி முடித்த இந்தக் கோயில் ஆறே ஆண்டில் வந்த பெரும் நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. இடிபாடுகளில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கபுசினாஸ் கன்னியர் மடத்தைத் தேர்ந்தெடுங்கள். 1736-இல் திறந்த மடம். வட்டமான ஒரு முற்றத்தைச் சுற்றி 18 சிறு அறைகள். அதன் கீழே ஒற்றைப் பருத்த தூணைச் சுற்றி வளையும் நிலவறையில் குரல் எழுப்பினால் எதிரொலி நெடுநேரம் சுழலும்.

தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. மெல்லிய அடிச் செருப்பு ஒரு மணி நேரத்தில் பாதத்தை நோகடித்துவிடும். சக்கரப் பெட்டிக்கும் இது எதிரி, முதுகுப்பையே நல்லது.

மார்ச், ஏப்ரலில் வருபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தெருக்களில் மரத்தூள் கம்பளம் விரிப்பார்கள். முதலில் கற்களின் மேடுபள்ளம் மறைய மணலோ சாயமேற்றாத மரத்தூளோ பரப்பி, நீர் தெளித்து, பலகையால் சமன் செய்வார்கள். சாயமேற்றிய தூளை, வெட்டிய அட்டை அச்சுகளின் மேல் சல்லடையால் சலித்து நிறம் நிறமாக இறக்குவார்கள். குறுக்கே போட்ட பலகையின் மேல் அமர்ந்துதான் வேலை, கால் படக்கூடாது. இடையிடையே பூவாளியால் நீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். காய்ந்தால் தூள் பறந்து கோடு கலைந்துவிடும். பல குடும்பங்கள் இரவு முழுக்க உழைத்துப் போடும் கம்பளம் அது. ஊதா அங்கி அணிந்தவர்கள் எண்பதுக்கும் மேற்பட்ட தோள்களில் சுமந்துவரும் திருவுருவப் பல்லக்கு அதன் மேல் நடந்து கடக்கும்போது சில நிமிடங்களில் கலைந்துவிடும். கலைவதற்கென்றே செய்வது, அதுவே காணிக்கை. கம்பளம் பார்க்க வேண்டுமானால் ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்தத் தெருவில் நடங்கள். அந்த வாரத்துக்கு அறை மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். தவக்கால ஞாயிறுகளிலும் சிறிய ஊர்வலங்கள் உண்டு, அப்போது கூட்டமும் வாடகையும் குறைவு.

மூன்றாம் நாள்: காபித் தோட்டமும் சோள அடுப்பும்

நாளை அகாதெனாங்கோ எரிமலையில் 3,600 மீட்டரில் படுக்கப் போகிறோம். ஆன்டிகுவாவின் 1,500 மீட்டரிலேயே இன்னொரு நாள் இருப்பது உடம்புக்கு உதவும். மது வேண்டாம், தண்ணீர் நிறைய.

காலையில் ஊரைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு காபித் தோட்டம். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண் மழை குறைந்த மாதங்களிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நிழலுக்கு நிற்கும் மரத்தைப் பாருங்கள். நீலகிரித் தேயிலைக்கு நடுவே நிற்கும் அதே சில்வர் ஓக். ஜனவரி முதல் மார்ச் வரை பழம் பறிப்பும், தோல் நீக்கலும், தொட்டியில் ஒன்றிரண்டு நாள் நொதிக்க விட்டுக் கழுவுவதும், களத்தில் உலர்த்துவதும் கண்முன்னே நடக்கும்.

மதியம் சந்தைச் சாப்பாட்டுக் கடையில் பெபியான் கேளுங்கள். பூசணி விதை, எள், தக்காளி, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் கருக வறுத்து அரைத்த கெட்டிக் குழம்பு. பெரும்பாலும் கோழி சேர்ந்திருக்கும். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கறுப்பு பீன்ஸ் மசியலைப் பல இடங்களில் பன்றிக்கொழுப்பில் தாளிப்பார்கள். ‘சின் கார்னே’ (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரலாம். ‘சின் போயோ, சின் மான்தேகா’ என்று கோழியையும் கொழுப்பையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

எல்லாத் தட்டிலும் தோர்த்தியா என்ற சோள ரொட்டி இருக்கும். அதன் பின்னால் ஒரு பெரிய அறிவு இருக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று மடங்கு தண்ணீர். கொதித்தபின் இளந்தீயில் முக்கால் மணி நேரம் வைத்து, விரலில் தேய்த்தால் தோல் வழுக்கி வரும் பதத்தில் இறக்கி, அதே நீரில் இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் கழுவி, தெருமுனை அரைவை மில்லில் ஈரமாவாக அரைத்துவருவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் தோல் விடாது, மாவு சேராது, தட்டும்போது ஓரம் வெடிக்கும். மிகுந்தால் மாவு மஞ்சளாகிச் சவர்க்கார வாடை அடிக்கும். அதிகம் வெந்தால் கையில் ஒட்டும். சுண்ணாம்பு நீர் தோலை நீக்குவதோடு, சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் சத்தை உடம்பு ஏற்கும்படி விடுவிக்கிறது. சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்த முறை கூடப் போகவில்லை. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே பெல்லக்ரா நோய் பரவியது அதனால்தான். மெசோஅமெரிக்கப் பெண்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட வேதியியல் இது. மாயாக்களின் தொன்மக் கதையில் தெய்வங்கள் மனிதனைச் சோளமாவால்தான் பிசைந்து படைக்கின்றன.

நான்காம் நாள்: அகாதெனாங்கோ ஏற்றம்

அகாதெனாங்கோ 3,976 மீ. அது இப்போது உறங்குகிறது. அதன் தோளிலிருந்து மூன்று கி.மீ. எதிரே, இடைவிடாமல் வெடிக்கும் 3,763 மீ. ஃபுவேகோவைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு பேர் ஏறுகிறார்கள். முதல் நாள் மாலையே இன்சிவுமே என்ற அரசு நில அதிர்வு, எரிமலை ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைப் பாருங்கள். ஃபுவேகோ வழக்கமான காலத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெடிக்கும். பெரிய சீற்றத்துக்குப்பின் வாரக்கணக்கில் அடங்கிக் கிடப்பதும் உண்டு. அப்போது ஏறினால் தூங்கும் மலையைத்தான் பார்க்கலாம். வழிகாட்டி நிறுவனம் இதைத் தானாகச் சொல்லாது, நாம்தான் கேட்க வேண்டும்.

நடை தொடங்குவது லா சோலேதாத் கிராமத்தில், சுமார் 2,400 மீட்டரில். முகாம் 3,600-இல். 1,200 மீ. ஏற்றத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம்தான் மிகக் கடினம்: சோளக்காடுகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் தளர்ந்த எரிமலை மணல். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். பலர் இங்கேயே மூச்சிரைத்து, ‘இன்னும் ஐந்து மணி நேரம் இப்படியா’ என்று மனம் உடைகிறார்கள். அப்படி இல்லை. அடுத்து வரும் மேகக்காட்டில் மண் இறுகியிருக்கும், அதற்குமேல் பைன் காட்டில் வளைந்து வளைந்து போகும் பாதை, கடைசி அரைமணி நேரம் ஏறக்குறைய சமதளம். தொடக்கத்தில் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தைத் தாண்டாதவர்கள் நலமாகச் சேர்கிறார்கள். கிராமத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ஊன்றுகோலைத் தவிர்க்க வேண்டாம். ஏறும்போது இல்லாவிட்டாலும் இறங்கும்போது அது முழங்காலைக் காக்கும்.

மலையில் நீரூற்று கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் தூக்கிப் போக வேண்டும். அதில் ஒரு பகுதியைச் சமையலுக்கு நிறுவனமே கேட்டு வாங்கும். சுமை அதிகமென்றால் கிராமத்தார் கூலிக்குத் தூக்கிவருவார்கள். அந்தப் பணம் நேரே அந்த ஊருக்குப் போகிறது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மலையில் ஆளைக் கொல்வது நெருப்பைவிடக் குளிர். 2017 ஜனவரியில் குவாத்தமாலா நாட்டவர் ஆறு பேர் இங்கே உடல் குளிர்ந்து இறந்தார்கள். பகலில் வியர்வையில் நனைந்த பனியனோடு முகாமில் உட்கார்ந்து காட்சியை ரசிப்பவர்களுக்கு, சூரியன் இறங்கிக் காற்று எழுந்த அரைமணி நேரத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். ஈரத்துணி உடல் சூட்டை உலர்துணியைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும். முகாம் சேர்ந்ததும் முதல் வேலை உள்ளாடை வரை மாற்றுவது. பையில் இருக்க வேண்டியவை: தனி உலர்ந்த பனியனும் காலுறையும், கம்பளி அல்லது ஃப்ளீஸ், காற்றும் மழையும் புகாத மேலுறை, கையுறை, காது மூடும் குல்லாய், தலைவிளக்கு. பருத்தி ஜீன்ஸ் கூடவே கூடாது. கைப்பேசி பேட்டரி குளிரில் சட்டென இறங்கிவிடும், இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல் லேசாக இருந்தால் ஓய்வும் தண்ணீரும் போதும். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ இரவானாலும் வழிகாட்டியோடு இறங்குவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இருட்டியதும் எதிரே சிவப்பு ஊற்று எழும். ஒளி தெரிந்த ஒன்பது நொடி கழித்து இடி வந்து நெஞ்சில் மோதும். மூன்று கி.மீ. தூரத்தைச் சப்தம் கடக்க அவ்வளவு நேரம். பிசுபிசுப்பான பாறைக்குழம்பின் மேல்தோல் குளிர்ந்து அடைப்பாகிறது, அடியில் வாயு தேங்குகிறது, அழுத்தம் தாங்காமல் அடைப்பு உடைகிறது. பிறகு மறுபடி அடைப்பு. படம் பிடிக்க முக்காலி அவசியம். 8 முதல் 15 நொடித் திறப்பும் ஐஎஸ்ஓ 800-ம் வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

ஃபுவேகோவின் முகட்டுக்கே அழைத்துப் போகிறோம் என்று முகாமில் கூடுதல் கட்டணத்துக்குக் கேட்பார்கள். இரண்டு மலைக்கும் இடையிலான கணவாய்க்கு இறங்கி, எதிர் முகட்டில் ஏறித் திரும்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். போக வேண்டாம் என்பதே இங்கே சொல்லும் கருத்து. பெரிய வெடிப்பில் பாறைத் துண்டுகள் அந்த முகடு வரை வந்து விழக்கூடும். மூடுபனியில் அவை வருவதும் தெரியாது.

ஐந்தாம் நாள்: உச்சியும் இறக்கமும்

நான்கு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. தனிச் சாம்பல், மரமே இல்லை, காற்று பலமாக இருக்கும். விடியலில் கிழக்கே அகுவா, மேற்கே அதித்லான் ஏரியைச் சுற்றிய எரிமலைகள், தெற்கே பசிபிக் வரை நீளும் சமவெளி.

ஃபுவேகோவின் கிழக்குச் சரிவில் கீறலாக இறங்கும் பள்ளங்களில் ஒன்று லாஸ் லாஹாஸ். 2018 ஜூன் 3 அன்று அதன் வழியே பாய்ந்த கொதிக்கும் சாம்பலும் வாயுவும் சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் கிராமத்தைப் புதைத்தன. இறந்தவரும் காணாமற்போனவருமாக நூற்றுக்கணக்கானோர். 2025 மார்ச்சிலும் ஜூனிலும் மலை மறுபடி சீறியபோது பேரிடர்த் தடுப்பு அமைப்பான கொன்ரெட் அடிவார மக்களை வெளியேற்றியது. நாம் கைதட்டி ரசிக்கும் அந்த நெருப்புக்குக் கீழே குடும்பங்கள் இருப்பதை மறக்காமல் பார்க்க வேண்டிய காட்சி இது.

இறக்கம் மூன்று மணி நேரம். குதிகாலை மணலில் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி, குட்டை அடிகளாக வையுங்கள். காலணிக்குள் மணல் புகாமல் இருக்கக் கணுக்கால் உறை உதவும். அன்று மாலை வேறெதையும் திட்டமிட வேண்டாம்.

ஆறாம் நாள்: பனஹாசெல்

ஆன்டிகுவாவிலிருந்து அதித்லான் ஏரிக்கரை ஊரான பனஹாசெலுக்குச் சிற்றுந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளுக்கு வண்ணம் பூசி ஓட்டும் உள்ளூர் பேருந்தில் போனால் செலவு சொற்பம், ஆனால் சிமால்தெனாங்கோவிலும் லோஸ் என்குவென்ட்ரோஸிலும் சோலோலாவிலும் மாற வேண்டும். மூவர் இருக்கையில் நால்வர் உட்காருவார்கள். நடத்துநர் பெரிய பையைக் கூரையில் ஏற்றுவார், பணமும் கடவுச்சீட்டும் உடம்போடு இருக்கட்டும். இருட்டியபின் இதில் ஏறாதீர்கள்.

அதித்லான் ஏரி பெரும் எரிமலை வாய் ஒன்று உள்விழுந்து உண்டான பள்ளம். 1,560 மீ. உயரத்தில் இருக்கிறது, ஆழம் 300 மீட்டருக்கும் மேல். தெற்குக் கரையில் சான் பெத்ரோ, தோலிமான், அதித்லான் என மூன்று எரிமலைகள். மேற்பரப்பில் நீர் வெளியேற ஆறு கிடையாது. அதனால் நீர்மட்டம் ஆண்டுகளின் போக்கில் ஏறி இறங்கும். கரையோரம் மூழ்கிய வீடுகளின் சுவர்களைப் பார்க்கலாம்.

ஏழாம் நாள்: படகில் சான்டியாகோ, சான் ஹுவான்

நண்பகலுக்குமேல் ஷோகோமில் என்ற காற்று எழுந்து ஏரியைக் கலக்கும். படகு அலைமேல் தூக்கித் தூக்கிப் போடும். முன்னிருக்கையில் இருப்பவரின் முதுகெலும்புக்குத்தான் கேடு, எனவே பின்னால் உட்காருங்கள். பனஹாசெலில் இரண்டு துறைகள்: ஒன்றிலிருந்து சான்டியாகோவுக்கு, மற்றதிலிருந்து வடகரை ஊர்கள் வழியாக சான் ஹுவானுக்கும் சான் பெத்ரோவுக்கும். கட்டணத்தை முன்கூட்டிக் கொடுக்காமல் இறங்கும்போது கொடுங்கள். உள்ளூர்ப் பெண்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கவனித்தால் பேரம் எளிது. மாலை ஐந்துக்குப்பின் பொதுப் படகை நம்ப முடியாது.

சான்டியாகோ அதித்லான் சுதுஹில் மாயா மக்களின் ஊர். மஷிமோன் என்ற மரத்தெய்வத்தை ஒவ்வோர் ஆண்டும் சமயக்குழுவினர் ஒருவர் வீட்டில் வைத்துக் காப்பார்கள். ஆட்டோக்காரரிடம் பெயர் சொன்னால் போதும், இந்த ஆண்டு எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். தொப்பியும் கழுத்துத் துணிகளும் அணிந்து, வாயில் சுருட்டோடு இருப்பார். சாராயமும் மெழுகுவத்தியும் படையல். நுழையும்போது வணக்கம் சொல்லி, சிறு காணிக்கை வைத்து, படம் எடுக்க அனுமதி கேட்டு அதற்குரியதைக் கொடுங்கள். யாராவது வேண்டுதலோடு மண்டியிட்டிருந்தால் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

ஊர்க் கோயிலில் ஸ்டான்லி ரோத்தர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் இதயம் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது, 1981 ஜூலை 28 அன்று இங்கே கொல்லப்பட்டார். 1990 டிசம்பர் 2 அன்று நிராயுதபாணிகளாக ராணுவ முகாமுக்கு முறையிடச் சென்ற ஊர்மக்கள்மீது ராணுவம் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். ஊரே திரண்டு போராடி ராணுவத்தை ஊரைவிட்டு வெளியேற்றியது. அந்த இடத்தில் இன்று அமைதிப் பூங்கா இருக்கிறது. ஆட்டோவில் பத்து நிமிடம், அவசியம் போங்கள்.

சான் ஹுவானில் பெண்களின் நெசவுக் கூட்டுறவுகள். செடி, பட்டை, விதை, பூச்சி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் சாயம் பருத்தியில் பிடிக்க, வாழைத்தண்டு நீரைப் பயன்படுத்துவதைச் செய்தே காட்டுவார்கள். நூல் பாவு ஒரு முனையில் தூணிலும் மறு முனையில் நெய்பவரின் இடுப்புப் பட்டையிலும் கட்டியிருக்கும். இழுவிசையை உடம்பைச் சாய்த்தே கூட்டிக் குறைப்பார்கள். இரு கை எட்டும் அகலத்துக்குமேல் இதில் நெய்ய முடியாது. ஆகவே ‘உய்பில்’ என்ற மேற்சட்டை உண்மையில் இடுப்புத்தறியில் நெய்ததா என்று அறிய, இரண்டு மூன்று துண்டுகளை இணைத்த தையல் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஓரமும் வெட்டாத கரையாக இருப்பது இடுப்புத்தறியின் முத்திரை. வெட்டி மடித்துத் தைத்த ஓரமும் ஒரே அகலத் துணியும் மிதிதறி அல்லது இயந்திர வேலை. வேலைப்பாடு மிகுந்த ஒரு சட்டைக்கு இரண்டு மூன்று மாதம் போகும். அந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள். பாதி விலைக்கு அடித்துப் பேசுவது இங்கே அநியாயம்.

எட்டாம் நாள்: சிசிகாஸ்தெனாங்கோ சந்தை

சந்தை வியாழனும் ஞாயிறும் மட்டும். மற்ற நாளில் போனால் வெறும் ஊர்தான். பனஹாசெலிலிருந்து ஒன்றரை மணி நேரம். சுற்றுலா வண்டிகள் பத்து மணிக்கு நிறையும், ஏழரைக்கே அங்கே இருந்தால் கிச்சே மாயா மக்கள் தமக்குள் வாங்கி விற்கும் காய்கறிச் சந்தையை, சந்தைக் கட்டடத்தின் மாடியில் நின்று நிம்மதியாகப் பார்க்கலாம்.

சான்டோ தோமாஸ் தேவாலயத்தின் 18 படிகளில் பூக்காரிகள் அமர்ந்திருப்பார்கள், கோபால் எனப்படும் மரப்பிசினின் தூபப் புகை சூழ்ந்திருக்கும். 20 நாள் கொண்ட 18 மாதங்களுடைய மாயா நாட்காட்டியோடு ஊரார் அந்தப் படிகளை இணைத்துச் சொல்வார்கள். முன்படி பெரியோருக்கும் வழிபடுவோருக்கும் உரியது, நாம் பக்கவாசலில் நுழைய வேண்டும். உள்ளே படம் எடுக்கவே கூடாது. நடைபாதையில் தாழ்ந்த மேடைகளில் மெழுகுவத்தியும் பூவிதழும் வைத்து முன்னோருக்கு வேண்டுவார்கள். கால் பார்த்து நடங்கள்.

ஏலக்காய் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைச் செடியான இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் வடக்கே உள்ள ஆல்தா வெராபாஸ் மாவட்டத்துக்கு வந்தது. இன்று உலகின் மிகப்பெரிய ஏலக்காய் ஏற்றுமதி நாடு குவாத்தமாலா. போடிநாயக்கனூர் ஏல விலையை ஏற்றி இறக்கும் சரக்கு இது. ஆனால் உள்நாட்டுச் சமையலில் அதற்கு ஏறக்குறைய இடமே இல்லை, விளைவதில் பெரும்பகுதி அரபு நாட்டுக் காபிக்குப் போகிறது.

திரும்பும் வண்டிகள் இரண்டு மணி வாக்கில் கிளம்பிவிடும். தலைநகர் விமான நிலையத்துக்கு நேரே போவதானால் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு மாலை சிமால்தெனாங்கோவில் நெரிசல் இருந்தால் ஐந்து. அதே இரவு விமானம் எடுக்காமல் ஆன்டிகுவாவில் தங்கி, மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது பாதுகாப்பு.